முதல் வெளிநாட்டு விடுமுறை: நகரத்துக்கு எந்த விடுதி, கடலுக்கு எந்த விடுதி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊர்களில் வெளிநாட்டுப் பயணம் என்றாலே பலருக்கும் தமிழ்நாட்டுக் கோயில் யாத்திரைதான். திருச்சியில் இறங்கி, ஆறுபடை வீடு பார்த்து, தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அந்தப் பயணத்தில் விடுதி என்பது பையை வைத்துக் குளிக்க ஓர் இடம், அவ்வளவுதான். அதைத் தேர்ந்தெடுக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. இப்போது நிலைமை வேறு. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பெற்றோர் படிக்க வைத்த பிள்ளைகள் ஈப்போவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கைநிறையச் சம்பாதிக்கிறார்கள். அம்மாவுக்கு அறுபது ஆகிவிட்டது, அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்று ஒரு காரணத்தை வைத்து, அண்ணன் தங்கை எல்லாரும் பணம் போட்டு, ஒரு வாரம் நல்ல ஐந்து நட்சத்திர விடுதியில் அவர்களைத் தங்க வைக்க நினைக்கிறார்கள். வாரத்தில் பாதி நகரம், பாதி கடற்கரை.

இந்த ஆசையை ஆடம்பரம் என்று குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டு விலகும் முன்னே எழுந்து, தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போன கால்கள் ஒரு வாரம் கடல் மணலில் நடக்கட்டும். ஆனால் பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கைப்பேசியில் படத்தைப் பார்த்து விடுதியை முடிவு செய்துவிட்டு, பிறகு மாதம், விமானம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாக அதற்கு இழுத்துப் பொருத்துகிறார்கள். முதலில் மாதத்தைப் பாருங்கள், அடுத்து யார் வருகிறார்கள் என்று பாருங்கள், விடுதி அப்புறம். இருக்கிற பணத்தில் பெரும்பங்கைக் கடற்கரை விடுதிக்கு ஒதுக்குங்கள். நகரத்தில் இடம் நன்றாக அமைந்தால் போதும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? நகரத்தில் காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் இரவுதான் அறைக்குத் திரும்புவோம். ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) அறையின் மெத்தையை ஏழு மணி நேரம் பார்க்கிறோம், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. கடற்கரையில் அப்படியில்லை. அங்கே காலை நடை, குளம், மாலைக் கடல், சாப்பாடு எல்லாமே விடுதிக்குள்தான். அங்கே விடுதி சரியில்லை என்றால் விடுமுறையே சரியில்லை.

மாதம் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

நம் குடும்பங்கள் கிளம்பக்கூடிய காலம் மூன்று: ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, ஆண்டு நடுவில் வரும் விடுமுறை, தீபாவளியை ஒட்டிய நாள்கள். இந்த மூன்றுக்கும் ஒரே கடற்கரை ஒத்துவராது.

புக்கெட் இருப்பது அந்தமான் கடல் பக்கம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அங்கே நேராக வந்து மோதும். விடுதி விலை பாதியாக இறங்கும், படமும் அதே அழகோடு இருக்கும், ஆனால் கரையில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. அலை சின்னதாகத் தெரிந்தாலும் அடியில் நீர் ஆளை வெளிக்கடலுக்கு இழுக்கும். அதைப் பொருட்படுத்தாமல் இறங்கி உயிரை விட்ட பயணிகள் உண்டு. கோ சமுய் தாய்லாந்து வளைகுடா பக்கம் இருப்பதால் கணக்கு மாறும். ஜூன், ஜூலையில் அங்கே கடல் சாந்தமாக இருக்கும், நவம்பரில் மழை கொட்டித் தீர்க்கும். இலங்கையின் தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மே வந்துவிட்டால் கடல் பொங்கும்.

ஆக, ஆண்டிறுதி என்றால் புக்கெட் அல்லது இலங்கை. ஆண்டு நடுவில் என்றால் சமுய். தீபாவளிக் காலம் இரண்டுங்கெட்டான். மழைக்கு ஒதுங்க இடமுள்ள சிங்கப்பூர்தான் அப்போது எனக்குத் தைரியம் தருகிறது. "மழைக்காலத்தில் விலை மலிவு" என்று முகவர் சொன்னால், குறைந்த விலைக்கு எதை இழக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை கடலைத் தேடிப் போகும் அம்மா, கண்ணாடிக்குப் பின்னால் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது.

சிங்கப்பூரும் செந்தோசாவும்

நமக்கு மிகச் சுலபமானது இதுதான். ஈப்போ விமான நிலையத்திலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போவதற்கு யாரும் பயணம் என்றே சொல்வதில்லை. மொழிச் சிக்கல் கிடையாது. சிராங்கூன் சாலையில் வாழை இலைச் சாப்பாடு, வீரமாகாளியம்மன் கோயில், தமிழில் அறிவிப்புப் பலகை. முட்டி வலியுள்ளவர்களுக்கு மின்தூக்கி இல்லாத ரயில் நிலையமே இல்லை.

விடுதிகளுக்கும் குறைவில்லை. ராஃபிள்ஸ் 1887-இல் திறந்தது. அதை நடத்திய ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்களேதான் அதற்கு முன் பினாங்கில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியையும் தொடங்கினார்கள். ஃபுல்லர்ட்டன் விடுதி 1928-இல் கட்டிய பழைய தலைமை அஞ்சலகக் கட்டடம். மரீனா பே சாண்ட்ஸ் 2010-இல் வந்தது. 57-ஆவது மாடியில் இருக்கும் அந்த நீளக் குளத்தில் விடுதி விருந்தினர் மட்டுமே இறங்கலாம். அதற்காகவே ஓர் இரவு தங்குபவர்கள் நிறைய, அதில் தப்பும் இல்லை.

என் தயக்கம் கடற்கரையில்தான் இருக்கிறது. சிங்கப்பூரை ஒட்டிய செந்தோசாத் தீவின் மணல் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. எதிரே நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல்கள் வரிசையாக நிற்கும். ராசா செந்தோசா விடுதி சிலோசோ கரையிலேயே இருக்கிறது, குழந்தைகளுக்கு அருமையான இடம். 2018-இல் அமெரிக்க, வடகொரியத் தலைவர்கள் சந்தித்துப் பேசிய கப்பெல்லா விடுதி மரங்களுக்கு நடுவே அமைதியாக இருக்கும். ஆனால் தெலுக் பாத்தேக்கிலும் பங்கோரிலும் பள்ளிக்கூட காலத்திலிருந்தே குளித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடல் ஏமாற்றமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். விலையோ கண்ணைக் கட்டும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் காசில் மூன்று வெள்ளிக்கு மேல். அங்கே ஓர் இரவுக்குக் கொடுப்பதில் பாங்காக்கில் அதே தரத்தில் இரண்டு இரவு தங்கிவிடலாம் என்பது என் கணிப்பு. கைக்குழந்தை கூட வருகிறது, சக்கர நாற்காலி வேண்டியிருக்கிறது என்றால் சிங்கப்பூர். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு இன்னும் நல்ல கடல் கிடைக்கும்.

கொழும்பும் தென்கரையும்

பேச்சும் சாப்பாடும் வயதானவர்களுக்கு இவ்வளவு இணக்கமாக வேறெங்கும் அமையாது. கொழும்பில் தமிழ் பேசியே நாலு நாளை ஓட்டிவிடலாம். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில், கருங்கல்லில் எழுந்த கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில், இடியாப்பம், சொதி. சைவம் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். சிங்கப்பூர், கொழும்பு, பாங்காக் மூன்றில் விலையும் இங்கேதான் குறைவு.

காலி முகத்திடல் ஓரத்தில் இருக்கும் கால் ஃபேஸ் விடுதி 1864-இலிருந்து நடக்கிறது. மாலையில் கடலைப் பார்த்த திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதற்காகவே அங்கே போகலாம். புதுமை வேண்டுமென்றால் அதன் பக்கத்தில் 2017-இல் திறந்த ஷாங்ரிலா இருக்கிறது. அங்கிருந்து தெற்கே போனால் காலி நகரம். ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த விடுதிகள் இந்தக் கரையில்தான் இருக்கின்றன. அகுங்கல்லயில் ஹெரிட்டன்ஸ், காலியில் ஜெட்விங் லைட்ஹவுஸ். வெயிலையும் காற்றையும் மழையையும் உள்ளே விருந்தாளியாகக் கூப்பிடும் கட்டடங்கள் அவை. பளிங்கும் பித்தளையும் மின்னும் விடுதிகளைப் பார்த்து அலுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அந்தக் கடல் பார்ப்பதற்குத்தான். லைட்ஹவுஸ் நிற்கும் பாறைமீது அலை அடிக்கும் சத்தம் இரவெல்லாம் கேட்கும். குளிப்பதற்கு விடுதிக் குளத்தை விட்டால் உனவட்டுன மாதிரி பவளப்பாறை மறைத்த குடாக்களைத் தேடிப் போக வேண்டும். கடலில் கால் நனைக்கவே ஆசைப்பட்டு வருபவர்களுக்கு இது பெரிய குறை. கோலாலம்பூரிலிருந்து மூன்றரை மணி நேர விமானம், போவதற்கு முன்பே இணையத்தில் பயண அனுமதி வேறு வாங்க வேண்டும். தமிழ் காதில் விழ வேண்டும், வீட்டுச் சாப்பாடு வேண்டும், கடலில் இறங்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் குடும்பத்துக்கு ஜனவரி, பிப்ரவரியில் இதைத் தயங்காமல் சொல்வேன்.

துபாயைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நகரமும் கடலும் ஒரே இடத்தில் அமைவது அதன் பலம். ஜுமெய்ரா கரையில் அறை எடுத்தால் பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும். ஆனால் ஏழு மணி நேர விமானம், வெயில் காலத்தில் 40 பாகையைத் தாண்டும் சூடு, அறைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கும் விலை. முதல் பயணத்துக்கு வேண்டாம். இரண்டாவது முறை, நவம்பருக்குப் பிறகு பார்க்கலாம்.

நான் பாங்காக்கைச் சொல்லக் காரணம்

பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நேரடி விமானம், கையில் மலேசியக் கடப்பிதழ், விசா தொல்லை இல்லை. ஆனால் இதெல்லாம் அடுத்தபடி. எனக்கு முக்கியம் சாவ் பிரயா ஆறும் அதன் கரையில் இருக்கும் விடுதிகளும்.

பாங்காக்கில் போக்குவரத்து நெரிசல் பொல்லாதது. நகரத்தின் நடுவில் எவ்வளவு நல்ல விடுதி எடுத்தாலும் காருக்குள்ளேயே பொழுது போய்விடும். ஆற்றங்கரையில் தங்கினால் படகில் போய் வரலாம். அரண்மனை, வாட் அருண், வாட் போ எல்லாமே ஆற்றை ஒட்டித்தான் இருக்கின்றன. தோட்டத்து லாரியில் குலுங்கிப் பழகிய அப்பாவுக்கு அந்தப் படகுப் பயணமே நாளின் சிறந்த பகுதியாக இருக்கும்.

அங்கே மூன்று விடுதிகளை ஒப்பிடுகிறேன். மண்டரின் ஓரியண்டல் 1876-இலிருந்து இருக்கிறது. சேவை என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் அங்கேதான் பார்க்க வேண்டும். விலையும் அப்படியே. எதிர்க்கரையில் பெனின்சுலா, 1998-இல் திறந்தது, 37 மாடி. கட்டடத்தை வளைத்துக் கட்டியிருப்பதால் எந்த அறையை எடுத்தாலும் ஆறு தெரியும். இது சின்ன விஷயமில்லை. மற்ற இடங்களில் ஆறு தெரியும் அறைக்கென்று தனியாகக் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஷாங்ரிலா, 1986-இல் வந்தது. கொஞ்சம் பழசு, மிகப் பெரியது, காலைச் சாப்பாட்டில் கூட்டம் இருக்கும். ஆனால் விடுதியை விட்டு வெளியே வந்தால் சபான் தக்சின் ரயில் நிலையமும் படகுத்துறையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

முதல் முறை போகும் குடும்பத்துக்கு நான் ஷாங்ரிலாவையே சொல்வேன். மற்ற இரண்டும் அதைவிட அழகு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பேத்திக்குப் பசித்தால், பாட்டிக்குக் களைத்தால், யாரையும் எதிர்பார்க்காமல் அஞ்சு நிமிஷத்தில் அறைக்குத் திரும்ப முடிவது நகரத்தில் பெரிய சுகம். மிச்சமாகும் பணம் கடற்கரைக்குப் போகட்டும். தம்பதிகள் மட்டும், பெரிய திருமண நாள் என்றால் பெனின்சுலா.

இன்னொன்று. சபான் தக்சினிலிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தம் சுராசாக். அதில் இறங்கி நடந்தால் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 1870-களில் தமிழர்கள் எழுப்பிய கோயில். தாய்லாந்து மக்கள் அதை வாட் கேக் என்கிறார்கள். கோபுரத்தடியில் சாமந்தி மாலையும் தேங்காயும் விற்பவர்கள் பெரும்பாலும் தாய்லாந்துக்காரர்கள். நம்மைவிடப் பக்தியாகக் கைகூப்பி நிற்பவர்களும் அவர்களே. விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலம் சீலோம் சாலையில் வரும்போது அந்தப் பெரிய சாலையையே மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் இருக்க மாட்டேன் என்று சொல்லும் அம்மாவுக்கு அந்நிய ஊரில் இப்படி ஒரு வாசல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று, கூட்டிப் போனவர்களுக்குத் தெரியும்.

அடுத்துச் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது, ஆனாலும் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் சயாம் மரண ரயில் என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆண்களை, சில இடங்களில் குடும்பத்தோடே, ரயில் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பலர் திரும்பவில்லை. அந்தத் தண்டவாளம் ஓடும் காஞ்சனாபுரி, பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பாங்காக்கில் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ரயில் உண்டு, இல்லையேல் விடுதியிலேயே கார் ஏற்பாடு செய்து தருவார்கள். ஊர் நடுவே நேச நாட்டுப் போர்க் கைதிகளின் மயானம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வெட்டிச் சீராக்கிய புல், பெயரும் வயதும் பொறித்த தகடுகள். நம் ஆட்களுக்கு அங்கே அப்படி ஒரு வரிசை கிடையாது. தாத்தாவின் அண்ணன் அங்கே போய்த் திரும்பவில்லை என்று சொல்லும் குடும்பம் பாங்காக் வரை போய்விட்டு, அந்த ஒரு நாளை ஒதுக்காமல் வரக் கூடாது என்பது என் எண்ணம். வேறு எந்த நகரத்துக்கும் இல்லாத காரணம் இது. போனால், மறுநாளை வெறுமனே விடுங்கள். உடனே பேரங்காடிக்குக் கிளம்ப மனம் வராது.

இனி கடல்

புக்கெட்டில் விடுதி தேடும்போது எல்லாரும் அறையைப் பார்க்கிறார்கள். நிலத்தைப் பாருங்கள். அந்தத் தீவு முழுக்க மலை. கடல் தெரியும் என்று விளம்பரம் செய்யும் ஆடம்பர விடுதிகளில் பல, மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டியவை. அறையிலிருந்து சாப்பாட்டுக்கு அறுபது படி, சாப்பாட்டிலிருந்து கரைக்கு இன்னும் நூறு. குட்டி மின்வண்டி வரும் என்பார்கள். அதைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே அம்மா "நான் ரூம்லயே இருக்கேன்யா, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். அப்புறம் எதற்கு அத்தனை பணம்?

அதனால் சமதளக் கரைகளைச் சொல்கிறேன்: பாங் தாவ், மை காவ். மை காவ் விமான நிலையத்துக்குப் பக்கம். நீண்ட வெறும் கரை, கூட்டம் இல்லை. அங்கே ஜேடபிள்யூ மேரியட் விசாலமான தோட்டத்தோடு இருக்கிறது. ஆனால் கரை சட்டென்று ஆழமாகும், நீச்சல் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பயம்தான். பாங் தாவில் லகூனா என்ற வளாகம். பன்யான் ட்ரீ, துசித் தானி போன்ற பல விடுதிகள் ஒரே ஏரிகளைச் சுற்றி நிற்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் படகிலும் பேருந்திலும் சும்மாவே போய் வரலாம். அந்த நிலத்தின் கதை நமக்கு ரொம்பப் பக்கம். அது ஈயம் தோண்டி நாசமாகிக் கிடந்த பூமி. ஈயக்குட்டைகளைத்தான் ஏரிகளாக்கி, மரம் நட்டு, 1987-இலிருந்து ஒவ்வொரு விடுதியாகக் கட்டினார்கள். நம் கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்களை, அதாவது ஈயக்குட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே நின்று பார்த்தால், நம் குட்டைகளும் இப்படி ஆகியிருக்கலாமே என்று கட்டாயம் தோன்றும்.

பன்யான் ட்ரீயில் ஒவ்வொரு வில்லாவுக்கும் தனிக் குளம். பொது இடத்தில் நீச்சலுடை போடக் கூச்சப்படும் நம் பெண்களுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. சுடிதாரோடே இறங்கினாலும் கேட்க ஆளில்லை. என்னைக் கேட்டால் பெற்றோருக்காகச் செலவு செய்ய வேண்டிய ஒரே ஆடம்பரம் இந்தத் தனிக்குளம். ஆறு பேர் குடும்பத்துக்கு அது எட்டாத விலை என்றால் துசித் தானி போதும். கடல் அதே கடல்தான். பத்தோங் பக்கம் மட்டும் அறை எடுக்காதீர்கள். இரவு சத்தமும் தெருக்கூத்தும் பெற்றோரோடு போக ஏற்ற இடமில்லை.

சமுய் போனால் மே நாம், போபுட் கரைகள் சமதளம், கடலும் அமைதி. பாங்காக்கிலிருந்து ஒரு மணி நேர விமானம். ஆனால் அந்த விமான நிலையமே பாங்காக் ஏர்வேஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது, அதனால் கட்டணம் கூடுதல். டிக்கெட் எடுக்கும்போது பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள் இருப்பதை மறக்காதீர்கள். ஏர் ஏசியா டோன் முவாங்கில் இறங்கும். சமுய்க்குப் போகும் பாங்காக் ஏர்வேஸ் விமானங்களில் பெரும்பாலானவை சுவர்ணபூமியில் கிளம்பும். இரண்டுக்கும் நடுவே நகரமே இருக்கிறது. நெரிசல் நேரத்தில் மாட்டினால் விமானத்தை விட்டுவிட வேண்டியதுதான். புக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, டோன் முவாங்கிலிருந்தே விமானம் கிடைக்கும். திரும்பும்போது புக்கெட்டிலிருந்து நேராகக் கோலாலம்பூருக்கு வந்துவிடலாம், பாங்காக் திரும்ப வேண்டாம்.

விமானமே ஏற மாட்டேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தால்? ஹுவா ஹின் இருக்கிறது. நம் ஊர் வழியாகப் போகும் அதே தண்டவாளம்தான் பாடாங் பெசாரில் எல்லை தாண்டி, ஹுவா ஹின் வழியாகப் பாங்காக் போகிறது. பாடாங் பெசாரில் மாலையில் படுக்கை வண்டி ஏறினால் மறுநாள் விடியலில் அங்கே இறங்கலாம். தாய்லாந்து ரயில்வே 1923-இல் கட்டிய பழைய ரயில்வே விடுதிதான் இன்றைய செந்தாரா கிராண்ட். மரத் தாழ்வாரம், யானை வடிவத்தில் வெட்டி வளர்த்த செடிகள், மேடு பள்ளம் இல்லாத தோட்டம். கடல் புக்கெட் மாதிரி பச்சையாக இருக்காது, கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். ஆனால் நிதானமாக உட்கார, நடக்க, பேச அந்த விடுதிக்கு ஈடு குறைவு.

பணம் கட்டும் முன்

இணையத்தில் போட்ட விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது முழு விலை இல்லை. தாய்லாந்தில் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அந்தக் கூட்டுத்தொகைமேல் வரி 7 விழுக்காடு. 10,000 பாட் என்று போட்டிருந்தால் கட்டுவது 11,770. சிங்கப்பூரில் சேவைக் கட்டணம் அதே 10, அதன்மேல் வரி 9 விழுக்காடு. 500 வெள்ளி அறைக்கு 599 வெள்ளி 50 காசு. நான்கு இரவு, இரண்டு அறை என்று பெருக்கினால் வித்தியாசம் ஒரு விமான டிக்கெட்.

வந்திறங்கியதும் முகப்பில் கடன் அட்டையைக் கேட்டு ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கடன் அட்டை என்றால் சிக்கல் இல்லை, கிளம்பும்போது விடுவித்துவிடுவார்கள். வங்கிக் கணக்கோடு இணைந்த சாதாரண அட்டையைக் கொடுத்தால் அந்தப் பணம் கணக்கிலிருந்து நிஜமாகவே போய்விடும், திரும்பி வர வாரக்கணக்கிலும் ஆகலாம். சம்பளக் கணக்கு அட்டையைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குக் காசில்லாமல் நின்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பிள்ளைகளில் யாரிடமாவது கடன் அட்டை இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் கதவு வைத்த இணைப்பு அறை வேண்டுமா என்று முடிவு செய்து, விடுதிக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பக்கத்து அறை வேறு, இணைப்பு அறை வேறு. குளியலறையையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பல ஆடம்பர விடுதிகளில் பளிங்குத் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும். என் அம்மா அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்து, மறு காலைத் தூக்க முடியாமல் நின்றதைப் பார்த்த பிறகு, தனியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்காமல் நான் அறை எடுப்பதில்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் தாய்லாந்தில் வெறும் காய்கறி என்று கேட்டால் போதாது. மீன் சாறும் சிப்பிச் சாறும் காய்கறிப் பிரட்டலிலேயே விழும். "ஜே" என்று சொல்லுங்கள். பினாங்கில் ஒன்பது பேரரசர் விழாவுக்கு மஞ்சள் கொடி கட்டி விற்பார்களே, அதே சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூடச் சேராது. நாலு பேருக்குக் காலைச் சாப்பாடு சேர்த்த விலையையே எடுங்கள். தனியாகக் கட்டினால் கூடும். இரவுக்கு நம் ஊர்ச் சாப்பாடு வேண்டுமென்றால், பாங்காக்கில் மாரியம்மன் கோயிலைச் சுற்றி இந்தியக் கடைகள் இருக்கின்றன.

கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்ல வேண்டும். புதிதாக எடுப்பதென்றால் பெரியவர்களுக்கு 200 வெள்ளி, 60 வயதானவர்களுக்கு 100 வெள்ளி. தாய்லாந்துக்கு 2025 மே மாதத்திலிருந்து வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும், போய்ச் சேரும் நாளுக்கு மூன்று நாள் முன்பிலிருந்து நிரப்பலாம். சிங்கப்பூருக்கும் அதே முறைதான். இரண்டுமே இலவசம். தேடும்போது முதலில் வந்து நின்று காசு கேட்கும் தளம் அரசாங்கத்துடையது அல்ல, அதை மூடிவிட்டு அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்கே போங்கள். அப்பா, அம்மா இருவருக்கும் நீங்களே நிரப்பி, தாளில் அச்செடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.